இன்னொரு பெட்டி வேண்டுமா?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் கையோடு என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்? நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொடி, இரண்டு துண்டு, நனைந்த புடவையைப் போட்டு வைக்க ஒரு பை. நானும் இவற்றையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத் தென்காசியிலிருந்து டெலிபோன் வந்தது.

"தங்கச்சி, மெல்லிசா ஒரு பிரஷ் வாங்கிட்டு வா. பிளேட்டு துடைக்கிற பிரஷ். கூடவே உன் காதையும் பத்திரமாக் கொண்டு வா. இங்கே ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கு!" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி என்று நான் சொல்வது என் பெரியப்பாவின் மகனை. வங்கியில் வேலை. தென்காசியில் சொந்த வீடு. மதினி, கல்லூரியில் படிக்கும் பையன், எண்பத்தாறு வயதிலும் கண்ணாடி போடாமல் பூத்தொடுக்கும் பெரியம்மா - இவ்வளவுதான் குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குடும்பத்தில் ஐந்தாவது நபராக ஒரு ரிக்கார்டு பிளேயர் வந்து சேர்ந்தது. வழக்கு அதைப் பற்றித்தான்.

வீட்டுக்குள் நான் காலை வைத்ததுமே மதினி ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க, வாங்க. நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை. பிளேயர் ஒரு பெட்டி, ஆம்ப்ளிஃபயர் ஒரு பெட்டி, ஸ்பீக்கர் ரெண்டு பெட்டி, ஆக நாலு பெட்டி இருக்கு. இப்போ நடுவிலே வைக்கறதுக்கு இன்னொரு பெட்டி வேணுமாம். என் சீட்டுப் பணம் பதினையாயிரத்தையும் கேக்குதாக!"

"அது வெறும் பெட்டி இல்லை. போனோ ப்ரீ-ஆம்ப்ளிஃபயர். அது தனியா இருந்தாத்தான் சங்கீதம் சங்கீதமாக் கேக்கும்" என்றார் அண்ணாச்சி.

பூத்தொடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "எந்தப் பெட்டியை வாங்கினா எனக்கென்ன? கிட்டப்பா சளி பிடிச்ச மாதிரில்லா பாடுதாரு. அதைச் சரி பண்ணிட்டு மிச்சத்தைப் பேசுங்க."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் வழக்கின் உயிர்நாடி இருந்தது. ஆனால் அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது.

கிட்டப்பாவின் ஊர்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். மற்றொரு பக்கமாகப் போனால் எட்டு கிலோமீட்டரில் செங்கோட்டை. அந்தச் செங்கோட்டையில் 1906-ம் ஆண்டு பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடியவர். கே.பி. சுந்தராம்பாளை மணந்து, இருவரும் ஒரே மேடையில் நடித்துத் தமிழ்நாட்டையே கிறுகிறுக்க வைத்தார்கள். 1933-ம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது இருபத்தேழு.

அந்த மேடைகள் போய்விட்டன. கேட்டவர்களும் போய்விட்டார்கள். அந்தச் சாரீரம் நமக்கு எஞ்சியிருப்பது நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுகளின் வழியாகத்தான். பக்கத்துக்கு மூன்று நிமிஷம் அல்லது சற்றுக் கூட. அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகமும் பாட்டும் அடங்க வேண்டும்.

பெரியம்மாவின் தகப்பனார் அப்படி எட்டுத் தட்டுகள் வாங்கி வைத்திருந்தாராம். சாவி கொடுக்கும் கிராமபோன் போன இடம் தெரியவில்லை. ஒரு தட்டு உடைந்து போயிற்று. மீதி ஏழும் கோணிச் சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்தன. அண்ணாச்சி ரிக்கார்டு பிளேயர் வாங்கியதே அவற்றைப் போட்டுக் கேட்பதற்காகத்தான். வாங்கிய பிறகு இளையராஜா, எம்.எஸ்.வி. என்று புதுத் தட்டுகளின் மேல் மோகம் வந்து, பழைய ஏழும் மறுபடி ஓரமாகப் போய்விட்டன.

"யூட்யூப்ல கிட்டப்பா பாட்டு சும்மாவே கிடைக்கே ஆச்சி. இப்பவே போடட்டுமா?" என்றான் பையன்.

"அது ஊருக்குப் பாடுறது. இது எங்க ஐயா காசு குடுத்து வாங்கினது. நான் மடியிலே உக்காந்து கேட்டது" என்றாள் பெரியம்மா.

அப்பள சாஸ்திரம்

நம் வீட்டுப் பெண்மணிகளில் பலர் இந்த 'ப்ரீ-ஆம்ப்' விவகாரம் வந்தாலே, "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எழுந்து போகாதீர்கள். அப்பளம் பொரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாத சாஸ்திரம் அல்ல.

இசைத்தட்டில் இருப்பது ஒரே ஒரு நீளமான பள்ளம். அது சுருள் சுருளாக வெளியிலிருந்து உள்ளே போகிறது. மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனத்த நாதம் வரும் இடத்தில் அந்தப் பள்ளம் அகலமாக ஆட வேண்டியிருக்கும். அப்படியே ஆடவிட்டால் தட்டில் இடம் போதாது, ஊசியும் குதித்துவிடும். ஆகையால் தட்டு வெட்டும்போதே கனத்த ஒலிகளைச் சுருக்கிவிடுகிறார்கள். தாளச் சத்தம், 'ஸ', 'ஷ' போன்ற கூர்மையான ஒலிகளை மாறாகத் தூக்கிவிடுகிறார்கள். தட்டின் சொந்தச் சரசரப்பில் அவை மூழ்கிப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஆக, தட்டில் இருப்பது உலர்ந்த அப்பளம். அதை அப்படியே கடித்தால் ருசிக்காது. வீட்டில் கேட்கும்போது சுருக்கியதை விரிக்க வேண்டும், தூக்கியதை இறக்க வேண்டும். எவ்வளவு? 1954-ம் ஆண்டு அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் இதற்கு ஒரே அளவாக ஒரு கணக்கு வகுத்தது. சங்கத்தின் பெயரைக் கொண்டே ஆர்.ஐ.ஏ.ஏ. அளவு என்பார்கள். பிற்பாடு உலகம் முழுவதும் அதுவே நிலைத்தது. இந்தக் கணக்கின்படி, நடுத்தர ஒலியோடு ஒப்பிட்டால் மிகக் கனத்த ஒலி ஏறக்குறைய 9 மடங்கு பெருக வேண்டும். மிகக் கூர்மையான ஒலி அதே போலக் குறைய வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. ஊசியைத் தாங்கும் சின்னத் தலைக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். இந்நாளில் பெரும்பாலும் அதற்குள் ஒரு பொடிக் காந்தம் அசைகிறது. அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு அது கொசு ரீங்காரம் மாதிரி. கிட்டத்தட்ட 100 மடங்கு பெருக்கித் தந்தால்தான் அது காது கொடுத்துக் கேட்கும்.

இந்த இரண்டு வேலையையும், பெருக்குவதையும் விரிப்பதையும், செய்கிற சாதனம்தான் போனோ ப்ரீ-ஆம்ப். அது இல்லாமல் தீராது. ஆனால் அது தனிப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய பிளேயர்கள் பலவற்றில் உள்ளேயே இருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயர்களிலும் இப்போது வரும் சிலவற்றிலும், பின்பக்கம் 'போனோ' என்று எழுதிய துளைக்குப் பின்னால் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற சூட்கேஸ் பிளேயர் இருந்தால் விஷயமே வேறு. அந்த ஜாதிப் பிளேயர்களில் பெரும்பாலும் படிகத்தாலோ பீங்கான் போன்ற பொருளாலோ ஆன கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தந்துவிடும். அதற்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை.

ஒன்றல்ல, இரண்டு!

முதல் நாள் சாயங்காலம் விசாரணை ஆரம்பமாயிற்று. வெளியே சாரல் பூந்தூறலாகத் தூவிக்கொண்டிருந்தது. 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டுகள் உள்ள தட்டை அண்ணாச்சி சுழலவிட்டார். 1962-ல் வந்த அந்தப் படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் போட்டி போடுவதைக் கேட்காதவர் யார்? அருணாசலமும் இந்தத் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான்.

ஆனால் நான் அன்று கேட்டது போட்டி அல்ல, சண்டை. நாகஸ்வரம் உச்சிக்குப் போகும்போதெல்லாம் கிழிந்த துணி மாதிரி கரகரத்தது. கீழே ஒரே 'பொம் பொம்'. ஜானகியின் குரல் பாயைப் போர்த்திக்கொண்டு பாடுவது போல் இருந்தது.

"பார்த்தியா? அதுக்குத்தான் புதுப் பெட்டி கேக்கேன்" என்றார் அண்ணாச்சி.

நான் பையனைக் கூப்பிட்டு, டார்ச் வெளிச்சத்தில் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொன்னேன். பிளேயரின் பின்னால் ஒரு சின்ன விசை. ஒரு பக்கம் 'போனோ', மறுபக்கம் 'லைன்' என்று எழுதியிருந்தது. விசை 'லைன்' பக்கம் இருந்தது. அப்படியென்றால் பிளேயருக்குள் இருக்கும் ப்ரீ-ஆம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து வந்த வயரோ, ஆம்ப்ளிஃபயரின் 'போனோ' துளையில் செருகியிருந்தது. அங்கே இன்னொரு ப்ரீ-ஆம்ப்!

ஒரு தரம் பொரித்த அப்பளத்தை மறுபடி எண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? கருகும். இரண்டு வருஷமாக அண்ணாச்சி கருகின அப்பளத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மருந்தாக மூன்றாவது தரம் பொரிக்க எண்ணெய் வாங்கப் புறப்பட்டிருந்தார்!

விசையை 'போனோ' பக்கம் தள்ளினோம். ஒரு பைசா செலவில்லை. நாகஸ்வரம் கிழியாமல் எழுந்தது. மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பெட்டி வந்துட்டா?" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். சத்தம் கனத்து, கரகரத்து, பொம்மென்று இருந்தால் இரண்டு ப்ரீ-ஆம்ப் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் மிகவும் மெலிந்து, தகரம் தட்டுவது போல் இருந்தால் ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். சத்தத்தோடு 'ம்ம்ம்' என்று ஒரே முணுமுணுப்பு இருந்தால், பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தரை வயரை ஆம்ப்ளிஃபயரின் திருகாணியில் இறுக்கிப் பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை

"சரி, தப்பு என்மேலேதான். ஆனாலும் தனிப் பெட்டி இதைவிட நல்லா இருக்கும்லா?" என்றார் அண்ணாச்சி. வழக்கு அவ்வளவு சுலபத்தில் முடிந்துவிடுமா?

கேள்வி நியாயமானதுதான். பிளேயருக்குள் இருக்கும் ப்ரீ-ஆம்ப் பெரும்பாலும் சிக்கனமாகச் செய்தது. மோட்டாருக்கும் மின் இணைப்புக்கும் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. தனிப் பெட்டியில் இரைச்சலைக் குறைக்க வசதி அதிகம். ஆனால் அந்த வித்தியாசம் உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கரில், உங்கள் காதுக்குக் கேட்கிறதா என்பதல்லவா கேள்வி?

அதைக் காசில்லாமல் சோதிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில்தான் ஏற்கனவே இரண்டு இருக்கிறதே! மறுநாள் குற்றாலத்தில் பேரருவியில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பரீட்சை வைத்தோம். பையன் விசையையும் வயரையும் மாற்றிப் போடுவான். ஒரு தரம் பிளேயரின் ப்ரீ-ஆம்ப். ஒரு தரம் ஆம்ப்ளிஃபயரின் ப்ரீ-ஆம்ப். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் சத்தத்தை ஒரே அளவாக வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏனென்றால் கொஞ்சம் உரக்கக் கேட்பதெல்லாம் நல்லதாகக் கேட்பது நம் காதின் இயற்கை.

முதல் சுற்றில் ஆளுக்கொரு பதில். அண்ணாச்சி இரண்டு தரமும் மாற்றிச் சொன்னார்! மதினி, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ரெண்டுலயும் மணல் கொட்டுத சத்தம்" என்றாள்.

அப்போதுதான் நான் வாங்கி வந்த பிரஷ் ஞாபகத்துக்கு வந்தது. ஊசியைப் பார்த்தால் நுனியில் பஞ்சு மாதிரி ஒரு தூசிக் கட்டி. தட்டுகளில் சாரல் காலத்து ஈரத்தில் பூத்த வெள்ளைப் பூஞ்சணம். ஊசியைப் பின்னாலிருந்து முன்னாலாக மெதுவாகத் துடைத்தோம். தட்டுகளைச் சுத்தம் செய்து உலர்த்தினோம். ஊசியின் கனத்தைச் சின்னத் தராசு வைத்துப் பார்த்தால், இரண்டு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிராம் இருந்தது. அதையும் திருத்தினோம்.

இரண்டாவது சுற்றில் மதினி மூன்று தரமும் ஒன்றையே சொன்னாள்: ஆம்ப்ளிஃபயரின் ப்ரீ-ஆம்ப். "பாட்டு நிக்கும்போது பின்னாலே அமைதியா இருக்கு" என்றாள். வீட்டில் நல்ல காது யாருடையது என்பதும் அன்று தெரிந்து போயிற்று.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ப்ரீ-ஆம்புக்கு ப்ரீ-ஆம்ப் வித்தியாசம் உண்டு. அது பொய் அல்ல. ஆனால் அழுக்கு ஊசிக்குப் பின்னால் அந்த வித்தியாசம் கேட்காது. காசு செலவழிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சுத்தம். பிறகு ஊசி, வைர ஊசியானாலும் 500 முதல் 1,000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும், தேய்ந்த ஊசி தட்டையும் அறுக்கும். அப்புறம் ஸ்பீக்கரும் அதை வைக்கும் இடமும். அதற்கும் அப்புறம்தான் பெட்டி.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. தட்டைச் சுழலவிட்டு, ஊசியைத் தூக்கி வைத்த நிலையிலேயே, வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்து ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். 'ஸ்ஸ்' என்று கேட்டால் குறை சாதனத்தில் இருக்கிறது; நல்ல பெட்டி அதைத் தீர்க்கும். ஊசி தட்டைத் தொட்ட பிறகுதான் இரைச்சல் வருகிறது என்றால் குறை தட்டிலோ ஊசியிலோ இருக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கினாலும் அதைத் தீர்க்காது.

பெரியம்மாவின் ஏழு தட்டுகள்

மூன்றாம் நாள் பரணிலிருந்து கோணிச் சாக்கு இறங்கியது. அண்ணாச்சி உற்சாகமாக ஒரு புட்டியைத் திறந்தார். தட்டு துடைக்கும் திராவகம். ஸ்பிரிட் வாசனை குப்பென்று வந்தது. பஞ்சை நனைத்துவிட்டார். எனக்கு வயிற்றில் பகீர் என்றது. கையைப் பிடித்துவிட்டேன்.

78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்து செய்தது. தச்சர்கள் மரச் சாமானுக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில் அல்லவா? இப்போதைய வினைல் தட்டுக்கு ஏற்ற அந்தத் திராவகம் அரக்குத் தட்டைக் கரைத்துவிடும். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் அந்தத் தட்டின் பாட்டு அந்தப் பஞ்சோடு போயிருக்கும். இந்த மாதிரித் தட்டுகள் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். ஒரு சொட்டு மிருதுவான சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய துணி, நடுவிலுள்ள காகிதம் நனையாத ஜாக்கிரதை, உடனே துடைத்து உலர்த்தல் - இவ்வளவு போதும்.

சுத்தம் செய்த பிறகு ஒரு தட்டைப் போட்டோம். நல்ல வேளையாக அண்ணாச்சியின் பிளேயரில் 78 சுற்று வேகமும் இருந்தது. இப்போது கடையில் கிடைக்கும் பல பிளேயர்களில் 33, 45 இரண்டுதான் உண்டு. வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வந்த சத்தம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரே சரசரப்பு; அதற்குள் எங்கோ ஒரு மூடிய குரல். காரணம் இரண்டு. பழைய தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. தட்டு 1948-ல் வந்தபோது பள்ளமும் ஊசியும் சிறுத்துவிட்டன. எல்.பி. ஊசி பழைய பள்ளத்தின் அடியில் போய் விழுந்து, அங்கே தங்கியிருக்கும் குப்பையை எல்லாம் உழுகிறது. 78-க்கென்று ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனான ஊசி தனியாக இருக்கிறது. அண்ணாச்சியின் கார்ட்ரிட்ஜுக்கு ஏற்றதாகவே ஒன்று, மூக்கை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி, கிடைத்தது. விலை அந்தப் பதினையாயிரத்தில் பாதிக்கும் குறைவு. அன்றே ஆர்டர் கொடுத்து, நாலாவது நாள் கூரியரில் வந்தது. அதற்கு ஊசிக் கனமும் கூடுதலாக வைக்க வேண்டும். அதோடு வந்த காகிதத்தில் சொல்லியிருந்தபடி வைத்தோம்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். 1954-க்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் கணக்கில் தட்டு வெட்டியது. 78 தட்டுகள் பலவற்றில் கூர்மையான ஒலியைத் தூக்கி வைக்கும் வழக்கமே அதிகம் இல்லை. இந்தக் காலத்து ப்ரீ-ஆம்புக்கு அது தெரியுமா? தூக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, மேல் ஒலியை ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைத்துவிடுகிறது. விளைவு? உச்ச ஸ்தாயிக்கே பெயர் போன கிட்டப்பா, சளி பிடித்தவர் மாதிரி பாடுகிறார். பெரியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி!

பெட்டி வாங்க நியாயமான காரணம் ஒன்று இங்கே முளைத்தது. தனிப் பெட்டிகளில் சில வகை, பழைய தட்டுகளுக்கென்றே பல கணக்குகளைக் கொண்டவை. ஒரு குமிழைத் திருகினால் அந்தந்தக் காலத்துத் தட்டுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். ஆனால் அண்ணாச்சி பார்த்து வைத்திருந்த பெட்டியில் அந்த வசதியே இல்லை. பதினையாயிரம் கொடுத்து அதை வாங்கியிருந்தாலும் கிட்டப்பாவின் சளி குறைந்திருக்காது.

"அப்போ வேற வழி?" என்றார் அண்ணாச்சி.

ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் 'பாஸ்', 'ட்ரெபிள்' என்று இரண்டு குமிழ்கள் இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தன. மேல் ஒலிக் குமிழை நன்றாகத் தூக்கி, கீழ் ஒலிக் குமிழைக் கொஞ்சம் இறக்கினோம். இது துல்லியமான வைத்தியம் அல்ல, கைவைத்தியம்தான். சரசரப்பும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். 78 தட்டும் பழைய படப்பாட்டுத் தட்டுகளும் ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' விசை இருந்தால் அதை அழுத்த, பாட்டு அப்படியே இருக்கச் சரசரப்பு மட்டும் தணியும். அதையும் அழுத்தினோம்.

பெரியம்மா கூடத்தில் வந்து தூணில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தாள். புது ஊசி இறங்கியது. முதலில் சரசரவென்று ஒரு சத்தம். பிறகு அதற்கு முன்னால் வந்து நின்றது ஒரு குரல், மேலே, மேலே, இன்னும் மேலே. நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். தாளம் போட ஆரம்பித்த கை நடுவில் நின்றுவிட்டது.

மூன்று நிமிஷம் முடிந்து ஊசி உள் வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தது. யாரும் எழுந்து தூக்கவில்லை.

"இப்பத்தான் அந்தப் பாட்டு" என்றாள் பெரியம்மா. "அப்பவும் பின்னாலே அருவி விழுத மாதிரி சத்தம் இருக்கும். எங்க ஐயா, அதைக் கேக்காதே, அதுக்கு முன்னாலே கேளும்பாக."

தீர்ப்பு

அப்படியானால் தனிப் பெட்டி வாங்கவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. வாங்க வேண்டிய வீடுகள் உண்டு.

உங்கள் பிளேயரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ப்ரீ-ஆம்ப் இல்லையென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். ஊசியைத் தூக்கிய நிலையிலும் இரைச்சல் தொந்தரவு கொடுத்தால் வாங்கலாம். காந்தம் அசைவதற்குப் பதில் கம்பிச் சுருள் அசைகிற உயர்ந்த ரகக் கார்ட்ரிட்ஜுக்கு மாறினால் வாங்கியே தீர வேண்டும். அது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் பல சமயம் தரும், 1,000 மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். பழைய 78 தட்டுகள் நிறைய வைத்திருப்பவர்கள், பல கணக்குகள் உள்ள பெட்டியைத் தேடி வாங்கலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பிளேயருக்குள் இருக்கும் ப்ரீ-ஆம்பை நிறுத்த விசை இருக்கிறதா? இல்லாவிட்டால் தனிப் பெட்டி கருகின அப்பளக் கதையாகிவிடும். இரண்டாவது, பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியுமா? கடைக்காரர் சம்மதித்தால், பெட்டியை ஒரு வாரம் வீட்டில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வது உத்தமம். கேட்பதற்கு வீட்டில் யார் காது நல்ல காதோ அவரைக் கூப்பிடுங்கள். அது பெட்டி வாங்க ஆசைப்படுகிறவரின் காதாக இருக்க வேண்டியதில்லை!

அண்ணாச்சி வீட்டு வழக்கில் தீர்ப்பு சுலபமாயிற்று. சீட்டுப் பணத்தில் ஊசிக்கு ஆன செலவு போக மீதி மதினியிடமே திரும்பிப் போனது. "தீபாவளிக்கு அந்தப் பல கணக்குப் பெட்டியைப் பத்தி யோசிக்கலாம்" என்று அண்ணாச்சி மெல்ல இழுத்தார்.

"யோசிக்கலாம். ஆனா கண்ணை மூடிக்கிட்டு யோசிக்கணும்" என்றாள் மதினி.

நான் ரயிலுக்குப் புறப்பட்ட அன்று சாயங்காலமும் சாரல். தெருவில் இறங்கி ஆட்டோவில் ஏறும்போது ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்டது. பையன்தான் போட்டிருக்கிறான். யூட்யூபில் அல்ல. சரசரப்பிலிருந்தே தெரிந்தது.